குரோனர் வம்சத்தின் உச்சிவேளை நிழல்

கண்டல்துறையில் பங்குனி மாதத்து உச்சிவெயிலில், பள்ளிக்கூட முற்றத்தில் தட்டும் கையுமாக வரிசையில் நின்ற பிள்ளைகளில் சிலருடைய நிழல் மட்டும் காலடியில் சுருண்டு கிடக்காமல், வடக்கே பார்த்து நீண்டு, மணலில் ஊர்ந்து, மதிலில் ஏறி, மதிலுக்கு அந்தப்பக்கம் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்களின் தலையில் குளிர்ச்சியாகப் போய் இறங்கியபோது, அதை முதலில் பார்த்தவள் சத்துணவு அமைப்பாளர் தயாவதிதான். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு ஒரு முறை சூரியனைப் பார்த்தாள், ஒரு முறை பிள்ளைகளைப் பார்த்தாள், பிறகு "சாம்பார் ஆறுது, நகருங்க" என்றாள். மதிலுக்கு அந்தப்பக்கம் மீன்காரப் பெண்கள் "யாரு பெத்த புள்ளைங்களோ, நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டுக் கூடைகளை நிழலுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. எங்கள் ஊரில் அதிசயத்தைக் கண்டு வாயைப் பிளக்கிற பழக்கம் கிடையாது. எங்கள் வெயிலுக்கு வாயைத் திறந்தால் நாக்கு வறண்டுவிடும்.

காலையிலும் மாலையிலும் அந்தப் பிள்ளைகளின் நிழல் மற்றவர்களுடைய நிழலைப் போலத்தான் இருந்தது. உச்சிவேளையில் மட்டும், நாங்கள் எல்லோரும் எங்கள் நிழலைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தில் மட்டும், அது நாலு ஆள் நீளத்துக்கு நீண்டது. முதலில் நீண்டதெல்லாம் குரோனர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்பதால் காரணம் தேடி யாரும் அலையவில்லை.

குரோனர் யார் என்று சொல்லிவிடுகிறேன். பழைய கம்பெனிக் கப்பல்கள் வந்துபோன காலத்தில், யோகான் குரோனர் என்றொரு ஜெர்மன் தச்சர் எங்கள் லுத்தரன் கோயிலுக்குப் பிரசங்க மேடையும் பெஞ்சுகளும் செய்து கொடுக்க வந்தார். வேலை முடிந்து கப்பல் திரும்பியபோது அவர் திரும்பவில்லை, ஏனென்றால் அதற்குள் வலை பின்னுகிற வீட்டுப் பெண் ஒருத்தி அவருக்கு மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டிருந்தாள். கப்பலில் வந்த போதகர்களைப் பற்றி எழுதிவைத்தவர்கள் தச்சரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, ஆகவே அவர் எந்த ஊரில் பிறந்தார், யார் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியாது. வழிவழியாக வந்தது ஒரே ஒரு கதைதான். அவர் ஊரைவிட்டுக் கிளம்பியது கடுங்குளிர்காலத்து நண்பகலாம். அவருடைய தாய் தெருமுனை வரைக்கும் கூடவே வந்து, ஒரு ரொட்டியை இரண்டாகப் பிட்டு, பாதியை மகன் கையில் கொடுத்து, மீதிப் பாதி வீட்டில் இருக்கும், வந்து சாப்பிடு என்று சொல்லி அனுப்பினாளாம். அதனால் குரோனர் வீடுகளில் யார் பயணம் கிளம்பினாலும் இன்றைக்கும் ஒரு பன்னைப் பிட்டுப் பாதியைக் கையில் கொடுத்துவிட்டு, மறுபாதியைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைப்பார்கள். போனவர் திரும்பி வந்து அந்தப் பாதியைத் தின்றால்தான் பயணம் முடிந்ததாக அர்த்தம்.

வம்சத்துக்கு இப்போதைய தலைவர் ஆசீர்வாதம் குரோனர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயில் கமிட்டிச் செயலாளர். ஓய்வுபெற்ற நாள்முதல் அவர் ஜெர்மனியில் இருக்கிற கோயில்களுக்கெல்லாம் எழுதிப்போட்டு முன்னோரின் ஊரைத் தேடிக்கொண்டிருந்தார். சிலர் பதிலே போடவில்லை, சிலர் எங்கள் பதிவெல்லாம் யுத்தத்தில் எரிந்துபோயிற்று, வருந்துகிறோம் என்று போட்டார்கள். கடலோரத்தோடு தடம் நின்றுபோன கோபத்தில், கடலுக்கு இந்தப் பக்கமாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று அவர் கோயில் ஹாலின் சுவரில் ஒரு குடும்ப மரம் வரையச் செய்தார். வரைந்தவருக்கு மாமரம் மட்டும்தான் வரையத் தெரியும், ஆகவே யோகான் குரோனரின் சந்ததி முழுவதும் மாங்காய்களாகத் தொங்கியது. எல்லா மாங்காயிலும் ஆண்பிள்ளைகளின் பெயர். கட்டிக்கொடுத்த பெண்கள் அடுத்த வீட்டு மரத்துக் காய் என்பது அவருடைய கட்சி.

நிழல் வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பூகோள ஆசிரியர் வேதமுத்து ஒரு குச்சியை நட்டு, சூரியன் எவ்வளவு தாழ்ந்திருந்தால் உச்சிப்பொழுதில் இப்படி நிழல் விழும் என்று காட்டி, "இது நம்ம ஊர் நிழலே இல்லைங்கய்யா. வடக்க, ரொம்ப வடக்க, குளிர்காலத்து நிழல். அவர் கிளம்பின அன்னிக்கு அவங்கம்மா பார்க்கப் பார்க்கத் தெருவுல விழுந்த நிழல்தான் இது" என்று சொல்லி, உலகப் படத்தில் ஜெர்மனியின் குறுக்கே ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார். அந்தக் கோட்டின்மேல் இருந்த ஊர்களில் பார்க்க அழகான கோபுரம் உள்ள ஊரை ஆசீர்வாதம் குரோனர் சொந்த ஊராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே கமிட்டியைக் கூட்டினார். உச்சிவேளையில் யாருக்கு நிழல் நீளுகிறதோ அவர்தான் குரோனர், அவருக்குத்தான் கோயிலில் முன்பெஞ்சு, அவருக்குத்தான் கல்லறைத் தோட்டத்தில் இரும்பு வேலி போட்ட குரோனர் பாத்தியில் இடம், வேறு பேச்சு கிடையாது என்று தீர்மானம் போட்டார். அந்த நேரத்தில் கடற்கரையில் எல்லோருடைய நிழலும் நீளமாகத்தான் இருந்தது. அவரோ மதியச் சாப்பாடு முடிந்ததும் படுத்துத் தூங்குகிறவர். மறுநாள் தூக்கத்தை விட்டுவிட்டு, பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு உச்சிவெயிலில் கடைத்தெருவுக்கு வந்தார். பாதி வழியில் குனிந்து பார்த்தார். திரும்பி வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் அந்த நேரத்தில் பெரிய கறுப்புக் குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நாங்கள் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. பெரிய மனிதர், கேட்டால் மனசு சங்கடப்படும்; கேட்காமல் எங்களுக்குள் பேசிக்கொண்டால் எங்களுக்கும் பொழுது போகும்.

அதற்குள் நிழல் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பரோட்டா மாஸ்டர் இஸ்மாயிலுக்கு நீண்டது. மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிற செங்கமலத்துக்கு நீண்டது. போக்குவரத்துக் காவலர் ஒருவருக்கு நீண்டது, அவரைப் பேருந்து நிறுத்தத்துக்குத் தெற்கே நிற்கவைத்துக்கொண்டு ஜனங்கள் அவர் நிழலில் வரிசை கட்டினார்கள். மீன்சந்தையில் நீண்ட நிழல்காரர்களுக்கு மத்தியானம் ஒரு மணிநேரம் சும்மா நிற்பதற்கே நல்ல மீனாகப் பார்த்துக் கொடுத்தார்கள். கல்யாணத் தரகர்கள் பெண் பார்க்கும் நேரத்தைச் சாயங்காலத்திலிருந்து நண்பகலுக்கு மாற்றினார்கள், அதனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு பஜ்ஜிக்குப் பதில் முழுச் சாப்பாடே போட வேண்டி வந்தது. பள்ளிக்கூடப் பையன்களோ நடு ஆடுகளத்தில் நிழல் விழுந்தால் பந்து தெரியவில்லை என்று இஸ்மாயிலின் மகனை எல்லைக்கோட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். மார்க்கெட் தெருவில் திரிகிற ஒரு செவலை நாய்க்குக்கூட நிழல் நீண்டது. யோகான் குரோனர் வரும்போது ஒரு நாயையும் கூட்டிவந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, அன்றிலிருந்து அதற்குக் கறிக்கடை எலும்பு முதலில் விழுந்தது. வெளியூர் ஜனங்கள் பார்க்க வந்தார்கள், நாங்கள் நுங்கு விற்றோம்.

எல்லோருக்கும் இது பொழுதுபோக்காக இருந்தபோது, தயாவதி ஒருத்திக்கு மட்டும் அது நெஞ்சில் கல்லாக விழுந்தது. அவளுடைய நிழல் குட்டை. சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், தினம் உச்சிவேளையில், ஊரே பார்க்கிற முற்றத்தில், அது அவள் செருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கிடந்தது.

அவளுக்கு நீண்ட நிழல்மேல் ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் அவளுடைய அம்மா நேசமணி, பெரிய ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவள், கட்டிலோடு கிடந்தாள். நேசமணி, கோயிலில் ஆர்மோனியம் வாசித்த சாமுவேல் குரோனருக்கும் உப்பளத்தில் வேலை செய்த பொன்னிக்கும் பிறந்தவள். கோயிலில் கல்யாணம் நடக்காத உறவு என்பதால் குரோனர் குடும்பம் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. சாமுவேல் சனிக்கிழமைதோறும் உப்பளக் குடிசைக்கு வருவார். போகும்போது ஒரு பன்னைப் பிட்டு, பாதியை மகள் கையில் கொடுத்து, பானையில் வை, நான் வந்து தின்கிறேன் என்பார். ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. அவரைக் குரோனர் பாத்தியில் அடக்கம் செய்தபோது சிறுமி நேசமணியை வேலிக்கு உள்ளே விடவில்லை. கையில் காய்ந்துபோன பாதிப் பன்னோடு அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். அன்றிலிருந்து அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்டது ஒன்றுதான், அப்பா பக்கத்தில் தன்னை அடக்கம் செய்ய வேண்டும்.

தயாவதி ஆசீர்வாதம் குரோனரிடம் போனாள். அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், குடை மடியில் இருந்தது.

"ஐயா, எங்கம்மா சாமுவேல் ஐயாவோட பொண்ணு. எங்க வீட்டுல இன்னிக்கும் பாதிப் பன்னு வைக்கிற வழக்கம் இருக்கு. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனாக்கூட வைப்பாங்க."

"வழக்கத்தை யாரு வேணா பார்த்துக் கத்துக்கலாம்மா. நிழலைப் பார்த்துக் கத்துக்க முடியுமா?" என்றார் அவர்.

உச்சிப்பொழுதுவரை நீண்ட ஒரு கொடியேற்ற விழாவில் காற்று குடையைத் திருப்பிவிட்டபோது, மிட்டாய்த் தட்டோடு பக்கத்தில் நின்ற தயாவதி அவர் காலடியைப் பார்த்திருந்தாள். இப்போது அவள் அந்தக் குடையைப் பார்த்தாள். அவருக்கும் அது தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள், ஏனென்றால் அடுத்தவர் வீட்டுக் கதையை அவிழ்த்து அம்மாவுக்கு இடம் வாங்க அவளுக்கு மனமில்லை.

"சரிங்கய்யா. அம்மாவையே கூட்டிட்டு வரேன். அவங்க நிழலைப் பாருங்க."

"உனக்கே குட்டையா விழுதேம்மா. தாய்க்கு நீண்டா பிள்ளைக்கும் நீளும். இதுல பார்க்க என்ன இருக்கு?"

வீட்டுக்கு வந்து கேட்டால் அம்மா வரமாட்டேன் என்றாள். வெயில் ஒத்துக்கொள்ளாது என்றாள். தலை சுற்றுகிறது என்றாள். எங்கே புதைத்தால் என்ன, மண்ணுதானே என்றாள். வாழ்நாள் முழுக்கக் கேட்டவள், கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தயாவதிக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்தில் உப்பு அதிகமாகிவிட்டது.

ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை. தாய்க்கு நீண்டு பிள்ளைக்கு நீளாத ஒரே ஒரு வீட்டைக் கண்டுபிடித்தால் போதும், ஆசீர்வாதம் குரோனரின் வாய் அடைந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபின் தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்குத் தெரியாத பிள்ளை கிடையாது, பிள்ளையின் தாயையும் தெரியும். "உங்கம்மா யாரு வீட்டுப் பொண்ணு? அவங்கம்மா எந்தத் தெருவுல பொறந்தாங்க?" என்று படியேறிப் படியேறிக் கேட்டாள். துரத்தியவர்கள் உண்டு, காபி கொடுத்தவர்கள் உண்டு, எங்களுக்கும் ஜெர்மனிக்கும் என்ன சம்பந்தம் என்று கத்திவிட்டு, அரிசிப் பானையில் பாதிப் பன் இருக்கிறதா என்று அவள் கேட்டதும் பேச்சு நின்றுபோனவர்களும் உண்டு. செங்கமலத்தின் வீட்டில் அது பன் இல்லை, பிட்ட வடை. இஸ்மாயிலின் வீட்டில் நோன்புக் கஞ்சிக் காலத்தில்கூட ஒரு பாதி சமோசா பானைக்குள் காத்திருந்தது. ஏன் வைக்கிறீர்கள் என்றால் இஸ்மாயிலின் தாய், "எங்கம்மா வச்சாங்க, நானும் வைக்கிறேன், இதுல என்ன புள்ள கேள்வி?" என்றாள்.

விசாரித்ததையெல்லாம் தயாவதி சத்துணவுக் கூடத்தின் கரி படிந்த சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தாள். அவளுடைய மரத்தில் மாங்காய் இல்லை, பெண்களின் பெயர்கள்தான் இருந்தன. கோயில் ஹால் சுவரில் காயோடு நின்றுபோன கிளைகளெல்லாம் இங்கே உப்பளத்துக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் அம்மன் கோயில் வாசலுக்கும் ஓடின. யோகான் குரோனரின் பெண்மக்கள் யாரும் எங்கேயும் தொலைந்துபோகவில்லை, இதே ஊரில் நான்கு தெரு தள்ளித்தான் இருந்தார்கள். சாம்பார் கொதிக்கும்போது நாங்கள் போய் அந்தச் சுவரைப் பார்த்து, யார் யாருக்கு யார் உறவு என்று தெரிந்துகொண்டு, பழைய சண்டை சிலதைத் தீர்த்துக்கொண்டோம், புதிதாகச் சிலதை ஆரம்பித்தோம். தயாவதிக்கு வேண்டிய வீடு மட்டும் கிடைக்கவில்லை. தாய்க்கு நீண்ட இடத்திலெல்லாம் பிள்ளைக்கும் நீண்டது.

கடைசியில் ஒரு மத்தியானம் கிடைத்தது. செங்கமலத்தின் இரண்டாவது மகள் துர்கா, கோயில் வாசலில் தண்ணீர்ச் செம்போடு தாயின் நிழலைவிட்டு வெளியே ஓடிவந்தபோது, அவள் காலடியில் நிழல் குட்டையாகக் கிடந்தது. தயாவதிக்கு ஆனந்தத்தில் கண் நிறைந்துவிட்டது.

"செங்கமலம்! ஒன் ரெண்டாவதுக்குக் குட்டைடி! நீ என்கூட கமிட்டிக்கு வந்து சொல்லணும்..."

செங்கமலம் பூவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். பிள்ளையை இழுத்துத் தன் நிழலுக்குள் நிறுத்தி, "வெயிலு, இங்கயே நில்லுன்னு சொன்னேன்ல" என்று அதட்டினாள். பிறகு தயாவதியைத் தள்ளிக்கொண்டு போய், "அக்கா, அது என் நாத்தனார் பெத்தது. அவ போனப்புறம் நான்தான் வளக்கிறேன். அதுக்கு இன்னும் தெரியாது. நீ கமிட்டி கிமிட்டின்னு எதையாச்சும் சொல்லி வச்சுடாத, ஒன் காலப் புடிக்கிறேன்" என்றாள்.

தயாவதி சொல்லமாட்டேன் என்றாள். திரும்பி நடந்தாள். நடந்துகொண்டே குனிந்து தன் நிழலைப் பார்த்தாள். தெரு நடுவில் நின்றுவிட்டாள். நாங்கள் கடைகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களில் தலை நரைத்தவர்களுக்கெல்லாம் அது தெரியும். தெரிந்ததனால்தான், நிழல் வந்த நாளிலிருந்து சோறு வாங்க வருகிற பிள்ளையைக் கூப்பிடப் போனாலும் நாங்கள் தயாவதியின் முகத்தை மட்டும் பார்த்துப் பேசிவந்தோம், அவள் காலடியைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஒரு ஊரே சேர்ந்து ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருந்ததை, வாயே இல்லாத நிழல் சொல்லிவிட்டது.

அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். "சாப்டியாடி?" என்றாள்.

"அம்மா, உன் நிழல் நீளம்."

நேசமணி போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"குட்டையா இருந்தா நீ வெளிய வந்து பார்த்து, நாலு நாள் அழுதுட்டு விட்டிருப்ப. நீளம்னு தெரிஞ்சுதான் பயப்படற. எப்ப பார்த்த?"

"மொத வாரமே," என்றாள் நேசமணி. "அப்ப செவத்தப் புடிச்சு நடப்பேன்ல. ஒன் சேலையைக் காயப்போடக் கொல்லைக்குப் போனேன். பார்த்தா வேலி வரைக்கும் கெடக்குது. எங்கப்பாவே வந்து முதுகுக்குப் பின்னால நின்ன மாதிரி இருந்துச்சுடி. அப்புறந்தான், நீ மத்தியானம் முற்றத்துல நிக்கறவளாச்சேன்னு நெனப்பு வந்துச்சு. சேலையைப் போட்டுட்டு உள்ள வந்துட்டேன்."

"நான் யாரும்மா?"

நேசமணி கையை நீட்டினாள், தயாவதி பிடிக்கவில்லை. நீட்டிய கையோடேயே அவள் சொன்னாள். "புயல் வருஷம். ஒங்க பள்ளிக்கூடத்துலதான் எல்லாரையும் கொண்டாந்து வச்சிருந்தாங்க. நான் கஞ்சி ஊத்தப் போனேன். நீ ஜன்னலுக்குக் கீழ ஒரு கோணியில கெடந்து கத்திட்டிருந்த. யாரு கொண்டாந்து போட்டாங்கன்னு யாருக்கும் தெரியல. எங்கிட்ட ஒரு பன்னு இருந்துச்சு. பாதியைப் பால்ல நனைச்சு உனக்கு ஊட்டினேன். பாதியை அந்த ஜன்னல் மேலயே வச்சேன், உன் ஆளுங்க வந்தா எடுத்துக்கிட்டு என்னைத் தேடி வரட்டும்னு. தண்ணி வடியற வரைக்கும் தெனம் போய்ப் பார்த்தேன். அது அப்படியே இருந்துச்சு. வரக்கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டே போய்ப் பார்த்தேன்டி, பொய் சொல்ல மாட்டேன்."

தயாவதி அழுதாள். ஆத்திரமும் துக்கமும் சேர்ந்து வந்தது, எது எதென்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. தான் தினம் சோறு போடுகிற முற்றத்துக்கு மேலே இருக்கிற அந்த ஜன்னலை நினைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா பக்கத்துல படுக்கலேன்னா என்னடி," என்றாள் அம்மா. "அங்க போயி நாங்க என்ன கதையா பேசப்போறோம். நீ வேற யாரோன்னு நாலு பேரு சொல்லிட்டா, அப்புறம் என்னை எங்க படுக்க வச்சாலும் எனக்குத் தூக்கம் வராது."

தயாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். "நாளைக்கு மத்தியானம் போறோம். நீ வரலேன்னா கட்டிலோட தூக்கிட்டுப் போவேன்."

அப்படித்தான் போனார்கள். கட்டிலில் இல்லை, இஸ்மாயில் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில். ஒரு பக்கம் இஸ்மாயில், ஒரு பக்கம் அந்தப் போக்குவரத்துக் காவலர், சாக்பீஸ் சுவரின்படி அவர்கள் இரண்டுபேரும் நேசமணிக்கு ஏதோ ஒரு முறையில் தம்பி மகன்கள். பின்னால் செங்கமலம் வந்தாள், மீன்காரப் பெண்கள் வந்தார்கள், கடையைச் சாத்திவிட்டு நாங்கள் எல்லோரும் வந்தோம், செவலை நாயும் உறவுக்காரன் என்கிற உரிமையில் முன்னால் ஓடியது. கல்லறைத் தோட்டத்தில், குரோனர் பாத்தியின் இரும்புக் கதவுக்கு முன்னால், ஆசீர்வாதம் குரோனர் குடை பிடித்துக்கொண்டு கமிட்டியோடு நின்றார்.

தயாவதி நேராக அவரிடம் போய், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஐயா, நான் உங்களைக் குடையை மடக்கச் சொல்ல மாட்டேன். இன்னிக்கும் சொல்ல மாட்டேன், என்னைக்கும் சொல்ல மாட்டேன். எங்கம்மாவை மட்டும் பாருங்க" என்றாள். பிறகு திரும்பி வந்து அம்மாவை எழுப்பி நிறுத்தினாள்.

நேசமணி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கதவுக்குத் தெற்கே நின்றாள். அவள் காலடியிலிருந்து நிழல் புறப்பட்டது. சிறுமியாக அவள் பிடித்துக்கொண்டு நின்ற கம்பிகளின் ஊடே அது உள்ளே போனது, புல்லைத் தாண்டியது, பெயர் தெரிந்த குரோனர்களையும் பெயர் அழிந்த குரோனர்களையும் தாண்டியது, போய் சாமுவேல் குரோனரின் கல்லறைமேல் ஏறி, நிழலின் தலை அந்தக் கல்லில் சாய்ந்து நின்றது. நேசமணி மெதுவாகத் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், அங்கே கல்லின்மேலும் தலை சாய்ந்தது. "அப்பா" என்றாள்.

பிறகு அவள் செய்தது எங்களுக்கெல்லாம் புரிந்தது, செங்கமலத்துக்கு எல்லோருக்கும் முன்னால் புரிந்தது. தயாவதியின் கையைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்து, அவளைத் தனக்கு முன்னால், தன் நிழலுக்குள் கொண்டுவந்தாள். "வெயிலு, இப்படி நில்லுடி" என்றாள். நீண்ட நிழலுக்குள் நின்றால் குட்டை நிழல் யார் கண்ணுக்கும் தெரியாது.

கமிட்டியில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மாவுக்குச் சரி. பொண்ணுக்கு எப்படின்னு..." என்று ஆரம்பித்தார்.

தயாவதி அம்மாவின் கையை விடாமலே ஒரு அடி எடுத்து வெயிலுக்கு வந்தாள். "நல்லா பாருங்க. குட்டைதான். எங்கம்மா சாமுவேல் ஐயா பெத்த பொண்ணு. நான் எங்கம்மா எடுத்த பொண்ணு. பாதிப் பன்னு குடுத்து எடுத்தாங்க, மீதிப் பாதியைக் கேட்டு இன்னிவரைக்கும் யாரும் வரல. அதனால நான் இவங்களுக்குத்தான். அவங்களுக்கு அப்பா பக்கத்துல எடம் குடுங்க, அவங்க பக்கத்துல எனக்கு ஒரு எடம் விட்டு வைங்க. நிழலைக் காட்டி எடம் குடுக்க முடியாதுன்னா, நான் இங்கயே நிப்பேன், தெனம் மத்தியானம் வந்து நிப்பேன்."

இந்த நேரத்தில்தான் ஆசீர்வாதம் குரோனர் குடையை மடக்கினார். அவசரப்படாமல், ஒவ்வொரு கம்பியாக இறக்கி, பொத்தானைப் போட்டு, பக்கத்து வேலியில் மாட்டினார். அவர் காலடியில் நிழல் தயாவதியினுடையதைப் போலவே உருண்டு கிடந்தது. நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தோம். அவர் மாங்காய் மரத்தின் உச்சியில் பெயர் எழுதிவைத்திருக்கிற மனிதர். அவருடைய தகப்பனாரையோ தாத்தாவையோ எந்தக் குரோனர் வீட்டுப் பெண் எந்தக் கோணியிலிருந்து பாதிப் பன் கொடுத்து எடுத்தாளோ, கேட்க ஆள் இல்லை.

"சட்டம் நான் போட்டது," என்றார். "சாயங்கால நேரத்துல போட்ட சட்டம். அதை விட்டுத்தள்ளும்மா. நம்ம ரெண்டு பேருக்கும் உள்ள எடம் இருக்கு." அவரே போய் இரும்புக் கதவைத் திறந்தார். துருப்பிடித்த கதவு, இஸ்மாயிலும் கைகொடுக்க வேண்டியிருந்தது. நேசமணி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்துபோய், அப்பாவின் கல்லைத் தொட்டாள். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பசிக்கிறது என்றாள், வெகுநாளைக்குப் பிறகு அவள் பசி என்று சொன்னதைக் கேட்டு இஸ்மாயில் கடைக்கு ஓடினான்.

ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால் நேசமணி போய்ச் சேர்ந்தாள். அடக்கம் உச்சிவேளையில் நடந்தது, அது தயாவதியின் விருப்பம். நீண்ட நிழல்காரர்கள் எல்லோரும் குழிக்குத் தெற்கே நின்று பெட்டிக்கு நிழல் கொடுத்தார்கள்; தயாவதியும் ஆசீர்வாதம் குரோனரும் துர்காவின் கையைப் பிடித்துக்கொண்டு செங்கமலமும் வடக்கே நின்றார்கள். மூடுவதற்கு முன் தயாவதி மடியிலிருந்து ஒரு பன்னை எடுத்து இரண்டாகப் பிட்டாள். பாதியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். பயணம் போகிறவருக்குக் கொடுப்பதுதானே, போதகர் ஐயா தடுக்காமல் ஜெபத்தைத் தொடர்ந்தார்.

மறுநாள் அவள் வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சாம்பார் தாளித்தாள். கோயில் ஹாலில் மாமரத்தை வெள்ளையடித்துவிட்டு, சத்துணவுக் கூடத்துச் சுவரில் இருப்பதைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இடம் போதாமல் தரைக்கு வந்துவிட்டது. ஜெர்மனியில் எந்த ஊர் என்பது இன்னும் தெரியவில்லை, ஆசீர்வாதம் குரோனர் இன்னும் எழுதிப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் இப்போது தச்சரின் பெயரைக் கேட்காமல், உங்கள் பக்கத்தில் யாராவது அரைரொட்டி வைத்துக் காத்திருக்கிறார்களா என்று கேட்கிறார்.

வெளியூரிலிருந்து துக்கம் கேட்க வந்த ஒருத்தி, முற்றத்தில் உச்சிவெயிலில் குட்டை நிழலோடு நின்று சோறு போட்டுக்கொண்டிருந்த தயாவதியைப் பார்த்து, "அம்மாவும் போயிட்டாங்க, இனிமே ஒனக்குன்னு யாரு இருக்கா?" என்று அழுதாள்.

தயாவதி கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள், "பாதி வீட்டுல இருக்குக்கா. அரிசிப் பானையில."